டவுன் சிண்ட்ரோம் உள்ள 30 வயதுத் தம்பிக்கு எழுத்துக்கூட்டலும் சொல்வளமும்: எங்கிருந்து தொடங்குவது?

ரோஸ் ஹில் வாசகி எழுதியது:

மொரீஷியஸிலிருந்து அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 30. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவன். பகலில் ஒரு பயிற்சிப் பட்டறையில் பொருள்களைப் பையிலிட்டு ஒட்டும் வேலை பார்க்கிறான். பேச்சு சற்றுக் குழறினாலும் தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறத் தெரியும். சந்தையில் என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவான். 18 வயதுவரை ஒரு சிறப்புப் பள்ளியில் படித்தான். ஆங்கில எழுத்துகள் 26-ஐயும் வரிசையாகச் சொல்லவும், எதிரே இருப்பதைப் பார்த்து அழகாக எழுதவும் அங்கே பழகிக்கொண்டான். ஆனால் தான் எழுதியது என்ன சொல் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

இப்போது அவனுக்கே ஆசை வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் சித்தப்பா பிள்ளைகள் எழுதிப் பேசிக்கொள்ளும்போது, தான் மட்டும் குரல் பதிவு அனுப்ப வேண்டியிருப்பது அவனுக்கு உறுத்துகிறது. தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுக்கும் தாளில் தன் பெயரைத் தன் கையால், அதுவும் தமிழில், எழுத வேண்டும் என்கிறான்.

என் குழப்பம் மொழியிலேயே தொடங்குகிறது. வீட்டில் பேசுவது, பிரெஞ்சிலிருந்து உருவான நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல். அம்மா மட்டும் நடுநடுவே தமிழ்ச் சொற்களைக் கலப்பார். கடைப் பொருள்களின் மேல் இருப்பது பெரும்பாலும் பிரெஞ்சு, படிவங்கள் ஆங்கிலம், கோயிலில் தமிழ். நான்கையும் அவன் தலையில் ஏற்றுவது நியாயமா, அல்லது மூன்றைக் கைவிட வேண்டுமா? எழுத்துகளை முதலில் கற்பிப்பதா, சொற்களையா? கடையில் கிடைத்த அரிச்சுவடிப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தேன். அதிலிருந்த ஆட்டையும் இலையையும் பார்த்துவிட்டு, இது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று மூடிவைத்துவிட்டான். கற்ற சொல்லை ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறான் என்பது இன்னொரு கவலை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கியூர்பிப், ஓய்வுபெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியர் எழுதியது:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். அரிச்சுவடியை மூடிவைத்த உங்கள் தம்பியின் பக்கமே நானும் நிற்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான பாடங்கள் தோற்றுப்போவதற்கு, பாடப்பொருள் அவர்கள் வயதை மதிக்காததே பல வேளைகளில் காரணமாகிறது. அவர் வாழ்க்கையில் இருக்கும் பேருந்து, சம்பள உறை, கைப்பேசி, காவடி ஆகியவையே பாடநூலாக இருக்கட்டும்.

எந்த மொழி என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவைத்து, இதை அவர் வாசிக்க வேண்டுமா, எழுதவும் வேண்டுமா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சலவைத் திரவப் புட்டியின் மேலுள்ள ‘ஜாவெல்’, மின்பெட்டியின் மேலுள்ள ‘டேஞ்சர்’, மெட்ரோ நிலையப் பலகையிலுள்ள ‘ரோஸ் ஹில்’, கழிப்பறைக் கதவிலுள்ள சொல் ஆகியவற்றைக் கண்டவுடன் அவர் அறிந்துகொண்டால் போதும். அவற்றை அவர் எழுதவேண்டிய தேவை அநேகமாக ஒருபோதும் வராது. இவற்றுக்கு எழுத்துக்கூட்டல் கற்பிப்பது வீண் உழைப்பு. எந்த மொழியில் அவை எழுதப்பட்டிருக்கின்றனவோ அந்த மொழியில், முழு வடிவமாகவே கற்பியுங்கள். எழுதவேண்டிய சொற்களோ மிகக் குறைவு: தன் பெயர், குடும்பத்தார் பெயர்கள், முகவரி, கடைக்குச் செல்லும்போது எழுதும் பட்டியல், செய்தியில் அனுப்பும் பத்துப் பதினைந்து வாக்கியங்கள். எழுத்துக்கூட்டலுக்கான நேரம் முழுவதையும் இவற்றுக்கே கொடுங்கள்.

இந்தச் சிறு தொகுதிக்கு மொழி எது என்று பார்த்தால், செய்திக்கும் பட்டியலுக்கும் கிரியோலையே பரிந்துரைப்பேன். தமிழ் மன்றத்தில் இதைச் சொல்கிறேனே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அவர் கனவு காணும் மொழி அது. மேலும் 2011-இல் வகுக்கப்பட்டு, 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக வந்திருக்கும் கிரியோல் எழுத்துமுறையில் ஒலிப்பதே எழுதப்படுகிறது. பிரெஞ்சில் சொல்லின் கடைசியில் வாய்திறவாமல் நிற்கும் எழுத்துகளின் தொல்லை அதில் இல்லை. காவடித் தாளுக்கும் கோயிலுக்கும் தமிழ். இரண்டு மொழி சேர்ந்தால் குழம்பிப்போவார் என்ற அச்சம் வேண்டாம்; டவுன் சிண்ட்ரோம் உள்ள இருமொழிக் குழந்தைகளைப் பற்றிக் கனடாவில் நடந்த ஆய்வுகள், இருமொழிச் சூழலால் அவர்களுக்குக் கேடு விளைந்ததாகக் காட்டவில்லை. ஒரே அமர்வில் இரண்டையும் கலக்காதிருந்தால் போதும்.

அடுத்து, கற்பிக்கும் முறை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பொதுவாகக் காதால் கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்திவைக்கும் திறன் பலவீனமாகவும், கண்ணால் கண்டதை நினைவில் வைக்கும் திறன் அதைவிட வலுவாகவும் இருக்கும். ஆகவே எழுத்து எழுத்தாக வாயால் சொல்லிக்கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டால், நான்காம் எழுத்து வருவதற்குள் முதல் எழுத்து மறைந்துவிடும். அட்டையில் எழுதிய சொல்லைக் கண்முன் வைத்துக்கொண்டே பேசுங்கள். முதலில், ஒரே சொல் எழுதிய இரண்டு அட்டைகளைப் பொருத்தச் சொல்லுங்கள். பிறகு சில அட்டைகளைப் பரப்பி, நீங்கள் சொல்லும் சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். அதன் பின்னரே அட்டையைக் காட்டி அவரைச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு குழறுபவர்களுக்கு இந்த வரிசை மிகவும் முக்கியம், ஏனெனில் சொல்ல முடியாமற் போவதும் தெரியாமற் போவதும் ஒன்றல்ல. சுட்டிக்காட்டும் விரல் அந்த வேறுபாட்டை நமக்குக் காட்டிக்கொடுக்கும்.

புதிய சொல்லை அவர் ஊகிக்கும்படி விடாதீர்கள். முதல் அமர்வில் அட்டையைக் காட்டிய அதே கணத்தில் விடையை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் திரும்பச் சொல்லட்டும். அடுத்தடுத்த அமர்வுகளில், காட்டியபின் நான்கைந்து நொடி காத்திருங்கள்; அவருக்கு வந்தால் நல்லது, வராவிட்டால் முகம் மாறாமல் விடையைச் சொல்லுங்கள். தவறான விடை ஒன்றை இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டால் அதுவே மனத்தில் பதிந்துவிடும் என்பதால்தான் இவ்வளவு முன்னெச்சரிக்கை. ஓர் அமர்வில் புதிய சொல் இரண்டோ மூன்றோ போதும். அவற்றைச் சுற்றி, அவருக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஏழெட்டுச் சொற்கள் இருக்கட்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

எழுத்துக்கூட்டலுக்கு நோட்டுப்புத்தகத்தைவிடத் தனித்தனி எழுத்து அட்டைகள் சிறந்தவை. சொல்லின் எழுத்துகளை மட்டும் கலைத்துப் போட்டு, மாதிரி அட்டையைப் பார்த்து அடுக்கச் சொல்லுங்கள். பிறகு மாதிரியைப் பார்த்துவிட்டு மூடியபின் அடுக்கட்டும். அதன்பின் வேண்டாத எழுத்து ஒன்றைக் கலந்து வையுங்கள். பேனா இவற்றுக்கெல்லாம் பிறகு வரட்டும், ஏனெனில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு விரல்கள் குட்டையாகவும் தசை இறுக்கம் குறைவாகவும் இருப்பதால், எழுதும் உழைப்பே கவனம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. பார்த்து எழுதுவதில் அவர் வல்லவர் என்று சொல்கிறீர்கள். அந்தத் திறமை நம்மை ஏமாற்றக்கூடியது. மூடியபின் எழுதுவதை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் மறந்துபோவது, அந்த ஒரு வாரம் அந்தச் சொல்லை அவர் சந்திக்காததால் இருக்கலாம். மறுநாள், இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே சென்று திரும்பக் கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்ட பின்பும் சில அமர்வுகளுக்கு அந்தச் சொல்லை விலக்க வேண்டாம். அட்டையில் வாசித்தவர் புட்டியின் மேல் வாசிக்காமல் திகைப்பதும் உண்டு. ஆகவே வெவ்வேறு அளவிலும் நிறத்திலும் எழுதிக் காட்டி, கடைசியில் உண்மையான பொருளிடமே அழைத்துச் செல்லுங்கள்.

சொல்வளத்தைப் பற்றி ஒன்று. நாம் பெயர்ச்சொற்களாகவே அடுக்கிக்கொண்டு போகிறோம், படம் வரைய எளிது என்பதால். ஆனால் வாக்கியம் வினைச்சொல்லால்தான் நிற்கிறது. வா, போ, வாங்கு, காத்திரு, இல்லை, நாளை, பிறகு என்பவற்றுக்கு ஈடான கிரியோல் சொற்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். பத்துப் பழங்களின் பெயரை எழுதத் தெரிந்தவரைவிட, ‘நாளை வரமாட்டேன்’ என்று எழுதத் தெரிந்தவரால் அதிகம் சாதிக்க முடியும்.

மோக்கா தமிழாசிரியை எழுதியது:

ஐயா சொன்னவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். முழு வடிவமாகக் கற்பிப்பது பற்றி மட்டும் தமிழைப் பொறுத்தவரை சிறிது மாறுபட விரும்புகிறேன். தமிழ்ச் சொல்லை அதன் அசைபோன்ற எழுத்துகளாகப் பிரிப்பது ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பதைவிட எளிது. ‘காவடி’ என்றால் கா, வ, டி என்று கைதட்டிச் சொல்லும்போது கேட்கும் மூன்று ஒலிக்கும் தாளில் மூன்று எழுத்துகள் நேராக நிற்கின்றன. இந்த வசதியை ஏன் விட வேண்டும்? சில சொற்களை முழுமையாகக் கண்டறிந்தபின், அவற்றிலிருந்தே எழுத்துகளைப் பிரித்தெடுத்துப் புதிய சொல் அமைக்கலாம். காவடியின் ‘கா’, கால் என்பதிலும் காசு என்பதிலும் மறுபடி வரும்போது அதை அவரே கண்டுபிடிப்பார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களால் ஒலிவழி வாசிப்பைக் கற்க முடியாது என்ற பழைய எண்ணத்தை இன்றைய ஆய்வுகள் ஏற்பதில்லை.

247 எழுத்து என்று சொல்லி யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. அவருக்கு வேண்டிய சொற்களைத் தாளில் எழுதி, அவற்றில் வரும் எழுத்துகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கும். வரிசையை மட்டும் கவனமாக அமைக்க வேண்டும். துணைக்கால் வலப்பக்கம் நிற்பதால், ஒலிக்கும் ஒழுங்கும் எழுதும் ஒழுங்கும் ஒன்றே. ‘வேல்’ என்பதில் கொம்பு இடப்பக்கம் முந்திக்கொண்டு நிற்கிறது. ‘கோயில்’ என்பதில் மெய்யின் இருபுறமும் குறி வருகிறது. இவற்றை விளக்கவே வேண்டாம். ‘வே’ ஓர் அட்டை, ‘கோ’ ஓர் அட்டை என்று ஒன்றாகவே எழுதிக்கொடுங்கள். ‘முருகன்’ கோயிலெங்கும் காணப்படும் சொல் என்றாலும், மு, ரு என்ற இரண்டிலும் உகரக் குறி ஒரே மாதிரி இல்லை. அங்கும் அப்படியே.

நம் பாடநூல்கள் பல, கைக்கு எளிது என்பதற்காக ட, ப, ம, ய என்று வடிவத்தால் நெருங்கிய எழுத்துகளை ஒன்றாகக் கற்பிக்கின்றன. எழுதுவதற்கு அது சரி. வேறுபடுத்தி அறிய வேண்டியவருக்கோ அதுவே இடறுகல்லாகிவிடும். ட நன்றாக ஊன்றும்வரை ப வரக்கூடாது. எ ஊன்றும்வரை ஏ வரக்கூடாது. ஒன்றுபோல் இருப்பவற்றைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

ர, ற வேறுபாடும், ல, ள, ழ வேறுபாடும், ந, ன, ண வேறுபாடும் இந்தத் தீவில் நம்மில் பலருடைய பேச்சிலேயே தெளிவாக இல்லை. காதில் கேட்காத வேறுபாட்டை விதி சொல்லிப் புரியவைக்க முயல்வது இரு பக்கமும் சலிப்பையே தரும். அவர் பெயரில் எந்த எழுத்து வருகிறதோ அது கண்ணுக்குப் பழகிவிட்டால் போதும். கோயிலில் பழைய பலகை எதையாவது அவருக்குக் காட்டுவதாக இருந்தால், 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய வடிவங்களில் லை, னை, றா போன்ற எழுத்துகள் அதில் இருக்கின்றனவா என்று முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் காதில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் தமிழை மட்டும் எடுங்கள். அம்மா, பூசை, விபூதி, தேர், பால், அரோகரா ஆகியவை அவருக்குப் புதியவை அல்ல. ரசமும் முருங்கையும் கறிவேப்பிலையும் கிரியோல் சமையலறையிலேயே, சற்று உருமாறிய ஒலியில், புழங்குகின்றன. கையில் புழங்கும் ரூபாய்த் தாளிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. ‘ரூபாய்’ என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல அட்டை எங்கே கிடைக்கும்? கேட்டறியாத சொல்லை வாசிக்கக் கற்பித்தால் அது வெறும் ஒலியாகவே நிற்கும். பள்ளியில் தமிழ் பயிலும் பிள்ளைகள் பலருக்கும் நேர்வது அதுதான். அந்தப் பேச்சை இங்கே வளர்க்கவில்லை.

ஃபிளாக்கிலிருந்து ஒரு தாய் எழுதியது:

நான் ஆசிரியை அல்ல. 43 வயதான மகளின் தாய். அவளுக்கும் டவுன் சிண்ட்ரோம். பாடம் தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். இவர்களுக்குக் காதுக்குழாய் குறுகலாக இருப்பதால் குறும்பி சேர்ந்து அடைத்துக்கொள்வதும், நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதும், வயது ஏறும்போது கேட்கும் திறன் சீக்கிரமே குறைவதும் சாதாரணம். சொல்லின் கடைசி ஒலியை விட்டுவிட்டு எழுதுகிறார் என்றால், அந்த ஒலி அவருக்குக் கேட்கவே இல்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். என் மகளுக்குக் கண்ணாடி மாற்றிய பிறகுதான், சிறிய எழுத்தைக் கண்டால் அவள் புத்தகத்தைத் தள்ளிவிட்டதன் காரணம் எங்களுக்கு விளங்கியது.

மறதியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். புதிதாகக் கற்றது ஒரு வாரத்தில் மறப்பது வேறு. பல ஆண்டுகளாக எழுதிவந்த தன் பெயரையே எழுத முடியாமற் போவது வேறு. பின்னது நடந்தால் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைவதும், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும், மனச்சோர்வும் இவர்களிடம் அதிகம். மூன்றுமே நினைவைக் குலைப்பவை, மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. நாற்பதைத் தாண்டியபின் அல்சைமர் நோயும் மற்றவர்களைவிட முன்னதாகவே வரக்கூடும், ஏனெனில் அந்த நோயோடு தொடர்புடைய புரதத்துக்கான மரபணு இவர்களுக்கு மிகையாக இருக்கும் 21-ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு இப்போது கவலைப்பட ஒன்றுமில்லை. இன்று அவர் தடுமாறாமல் வாசிக்கும் சொற்களின் பட்டியலைத் தேதியிட்டு எழுதிவைத்திருந்தால், பின்னால் மருத்துவருக்கு அது மிகவும் உதவும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று: வேலைக்குப் போய்வந்த களைப்பில் மாலையில் உட்காரவைக்காதீர்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமைக் காலையும், வேலைநாள்களில் காலைத் தேநீருக்குப் பிந்தைய சிறிது நேரமும்தான் பலன் தந்தன.

ரோஸ் ஹில் வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. தம்பியோடு உட்கார்ந்து சொற்களைப் பிரித்தோம். எழுதவேண்டிய சொற்களில் அவனே முதலில் வைத்தது தன் பெயரையும், ஒரு கால்பந்து அணியின் பெயரையும், ‘எங்கே இருக்கிறாய்’ என்ற கேள்வியையும். நான் நினைத்திருந்த சோப்பும் உப்பும் அவன் பட்டியலில் இல்லை, விட்டுவிட்டேன். காது பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.

ஓர் ஐயம் மிச்சம். அவன் உண்மையில் எழுதப்போவது கைப்பேசியில்தான். விசைப்பலகையை எப்போது கையில் கொடுக்கலாம்? எழுதத் தொடங்கியதும் கைப்பேசியே சொற்களை நீட்டுகிறதே, அது கற்பதைக் கெடுக்காதா?

கியூர்பிப், ஓய்வுபெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியர் எழுதியது:

கால்பந்து அணியை விட்டுவிடாதீர்கள். அதுவே முதல் பாடமாக இருக்கட்டும்.

எழுத்து அட்டைகளைக் கொண்டு, மாதிரியைப் பார்க்காமல் ஒரு சொல்லை அடுக்கத் தெரிந்தவுடன், அதே நாளிலேயே அந்தச் சொல்லைக் கைப்பேசியில் எழுதவைக்கலாம். கையெழுத்து முதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கிரியோலில் எழுதும்போது தானியங்கித் திருத்தத்தைக் கட்டாயம் அணைத்துவையுங்கள். இல்லையென்றால் அவர் சரியாக எழுதிய கிரியோல் சொல்லைக் கைப்பேசி பிரெஞ்சுச் சொல்லாகவோ ஆங்கிலச் சொல்லாகவோ மாற்றிவிடும், தான் தவறு செய்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார். சொற்களை நீட்டும் வசதி வேறு, அது இருக்கலாம். மூன்று சொற்களில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது, நான் முன்பு சொன்ன அட்டையை எடுக்கும் பயிற்சியேதான். பாட நேரத்தில் மட்டும் அதை அணைத்துவிட்டு, உறவினருக்குச் செய்தி அனுப்பும்போது திறந்துவிடுங்கள். அவர் பட்டியலிலுள்ள சொற்களைக் கைப்பேசியின் தனி அகராதியில் முன்கூட்டியே சேர்த்துவைத்தால் அவையே முதலில் வந்து நிற்கும்.

தமிழுக்கு, ரோமன் எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித்தரும் செயலிகளைத் தவிர்க்கவே சொல்வேன். நமக்கு அவை வசதி. அவரோ ஒரு தமிழ் எழுத்துக்கு இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளை நினைவிற்கொண்டு, அவை திரையிலிருந்து மறைந்து வேறொன்றாவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளே தெரியும். உயிர் ஒருபுறமும் மெய் மறுபுறமும் இருக்கும். மெய்யைத் தட்டிப் பிறகு உயிரைத் தட்டினால் கொம்பு தானாகவே இடப்பக்கம் போய் நிற்கும். ஆசிரியை அம்மா சொன்ன ‘வேல்’ சிக்கல் இங்கே கைக்கு எட்டும் அளவில் தீர்ந்துவிடுகிறது. விசைகள் பல என்பதால், அவர் பெயருக்கு வேண்டியவற்றை மட்டும் ஓர் அட்டையில் வண்ணமிட்டுக் காட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் பதிவையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். நீண்ட சேதிக்குக் குரல், குறுஞ்சேதிக்கு எழுத்து என்று அவரே பிரித்துக்கொள்வார். சித்தப்பா பிள்ளைகளிடம் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: அவர் அனுப்பும் சேதியில் எழுத்து தவறியிருந்தால் அதைத் திருத்தி அனுப்ப வேண்டாம், கேட்டதற்கு மறுமொழி எழுதட்டும், அந்த மறுமொழியில் அதே சொல்லைச் சரியாக எழுதிவிடட்டும்.